பாத்ரூம் பக்கத்துக் கெளை

எனக்கு நடக்கப் புடிக்காது. அத்த மொதல்லயே சொல்லிடறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு இரும்பு மில்லுல இருவத்தெட்டு வருஷம் எலக்ட்ரீஷியனா நின்னு நின்னு, காலு ரெண்டும் ஓய்ஞ்சு போன ஆளு நான். போன மழைக்காலத்துல மூச்சு அடைச்சுப் போயி, பெரியாஸ்பத்திரியில பன்னெண்டு நாளு படுத்துக் கெடந்தேன். "தூசியில வேலை செஞ்சது போதும், இனிமே தெனமும் காலையில நடங்க"ன்னுட்டாரு டாக்டரு. எங்க ஊரு காத்துல நடந்தா மூச்சு வருமா போவுமா, அத்த அவரு சொல்லல.

ஊட்டுல இருந்து எறங்கி, லாரி ஷெட்டத் தாண்டி, ஏரிக்கரை வரைக்கும் போயி வரணும். போறதுக்குப் பத்து நிமிஷம், வர்றதுக்கு இருவது. நடுவுல ரெண்டு எடத்துல நிப்பேன். மூச்சு வாங்குதுன்னு நின்னா நாலு பேரு "இன்னாச்சு"ன்னு கேப்பாங்க, பேஜாரு. அதனால எதையோ உத்துப் பாக்கற மாதிரி நிப்பேன். பாக்கற மாதிரி நின்னு நின்னு, நெஜமாவே பாக்க ஆரம்பிச்சுட்டேன். நான் குருவி பாக்க ஆரம்பிச்ச கதை இவ்ளோ தான். ஆசை கீசையெல்லாம் ஒண்ணும் இல்ல.

மார்கழில கம்பெனிக் கால்வா ஓரமா ஒரு சாம்பக் கலர் குருவி, வாலை ஆட்டிக்கினே நடந்துக்கினு இருந்துச்சு. வாலாட்டிக் குருவியாம். பனி கொட்டற தேசத்துல இருந்து மலையெல்லாம் தாண்டி வருதாம். ஏன் சாமி, அவ்ளோ தூரம் ரெக்கை வலிக்கப் பறந்து வந்தது இந்தச் சாக்கடையில நடக்கறதுக்கா? எனக்கு அது மேல கோவமே வந்துச்சு. மறுநாளும் அதே எடத்துல இருந்துச்சு, நானும் அதே எடத்துல நின்னேன்.

தை மாசம் ஏரிக்கு நத்தைகுத்தி நாரை வந்துச்சு. வாயை முழுசா மூடத் தெரியாத பொறப்பு, நடுவுல சந்து இருக்கும். ஏரியில ஒரு ஓரத்த மண்ணு கொட்டித் தூத்துக்கினு இருந்தாங்க. ஜேசிபி மண்ணைத் தள்ளத் தள்ள, அது பின்னாடியே கொக்கு போவும், மண்ணுக்குள்ள இருந்து வர்ற புழுவுக்கு. அந்தச் சத்தத்துக்கு ஒரு கொக்கும் பயப்படல. மில்லு சத்தத்துல நான் டிபன் பாக்ஸைத் தொறந்து சாப்பிடல? அப்படித் தான்.

பழவேற்காட்டுல இருந்து மொபெட்ல கருவாடு கொண்டாந்து விக்கற பாய் ஒருத்தரு ஏரிக்கரை டீக்கடையில நிப்பாரு. என் வயசு தான், வாயி மட்டும் என்னை விட ஜாஸ்தி. "இன்னா நைனா, நாரைக்கு அட்டெண்டன்ஸ் போடறியா?"ம்பாரு. "எங்க ஏரியாண்ட வந்து பாரு, பூநாரை கூட்டம் கூட்டமா நிக்குது, தண்ணியே ரோஸ் கலராக் கீது." அவ்ளோ தூரம் யாரு போறதுன்னு நான் நவந்துடுவேன். எனக்கு ஏரிக்கரையே லண்டன் மாதிரி தூரம்.

சித்திரையில எங்க காம்பவுண்டு சொவுத்துல ஓணான் கழுத்தைச் செவப்பாக்கிக்கினு தண்டால் எடுத்துச்சு. ஆனியில வேப்பம்பழம் பழுத்துச்சு. எங்க ஊட்டுப் பின்னாடி மொத்த எடமே ஒரு லாரி நிக்கற அளவு தான், அதுல ஒரு வேப்பமரம், ஒரு முருங்கை, ஒரு செம்பருத்தி. பழம் தின்ன மைனா, அணிலு, கொண்டைக்குருவி எல்லாம் வந்துச்சு. நடந்துட்டு வந்து ஸ்டூலைப் போட்டு உக்காந்து அத்தப் பாப்பேன். நாஷ்டா ஆறிப் போவுதுன்னு எங்கூட்டம்மா கத்தும்.

எங்கூட்டம்மாவப் பத்தி இங்க சொல்லணும். நான் ஆஸ்பத்திரியில மூக்குல கொழாவோட கெடந்தப்ப, அவ பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கினா. "இவருக்கு மூச்சு திரும்பி வரட்டும், எங்க ஊட்டு மரத்து வேப்பிலையையே உடுத்திக்கினு ஆடி முடியறதுக்குள்ள உன்னைச் சுத்தி வர்றேன்"னு. சேலை மேல ஒடம்பு முழுக்க வேப்பிலையைக் கட்டிக்கினு கோயிலைச் சுத்தறது அங்க வழக்கம். ஆவணியிலயும் கூட்டம் போவும். ஆனா இவ ஆடின்னு வாயை விட்டுட்டா.

மூச்சு வந்துச்சு. ஆடியும் வந்துச்சு. மொத ஞாயித்துக்கெழமைக்கு மொத நாளு சாயங்காலம், தொரட்டிய எடுத்துக்கினு மரத்தாண்ட போறேன், பாத்ரூம் பக்கமாத் தாழ்ந்து தொங்கற கெளையில ஒரு கொண்டைக்குருவி உக்காந்துக்கினு இருக்குது. நான் ஒரு கை எட்டற தூரத்துல நிக்கறேன், அது அசையல. கொண்டை மட்டும் விரைச்சுக்கினு நிக்குது. அப்பறம் அது எழுந்து போனதும் ஸ்டூல் மேல ஏறிப் பாத்தேன். டீ கப்பு அளவுல ஒரு கூடு. உள்ளாற மூணு முட்டை, குங்குமத்தைத் தெளிச்ச மாதிரி புள்ளி புள்ளியா.

"ஏம்மே, இந்த வாரம் வேணாம்"னேன்.

"இன்னாத்துக்கு?"

காட்டினேன். அவளும் ஸ்டூல் மேல ஏறிப் பாத்தா. எறங்கி ஸ்டூலை ஓரமாத் தள்ளி வெச்சா. "அடுத்த வாரம் போலாம்"னா.

அடுத்த வாரம் முட்டை அப்படியே இருந்துச்சு. "கோயிலு வாசல்லயே வேப்பிலை கட்டுக் கட்டா விக்கறாங்களே, வாங்கிக் கட்டிக்கயேன்"னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "கடையில வாங்கிக் கட்டிக்கறேன்னா வேண்டிக்கினேன்? நீங்க பொழைச்சது கடைச் சரக்கா?"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கினா. என் மூச்சுக்கு அவ வெச்ச வேண்டுதலு. அத்தத் தள்ளிப் போடுன்னு நானே கெஞ்சிக்கினு நிக்கறேன், ஒரு குருவிக்காக. எனக்கே வெக்கமா இருந்துச்சு.

மூணாவது ஞாயித்துக்கெழமையும் போச்சு. நாலாவது வாரம் குஞ்சு பொரிச்சுச்சு. மூணும். தோலு மட்டும், கண்ணு தொறக்கல, வாயி மட்டும் ஒடம்பை விடப் பெருசு. நான் ஏரிக்கரை நடையை விட்டுட்டேன். காலையில எழுந்ததும் ஸ்டூலு தான். அம்மாக் குருவியும் அப்பாக் குருவியும் மாத்தி மாத்தி வரும். எறங்கறதுக்கு முன்னாடி முருங்கையில உக்காந்து சுத்தும் முத்தும் பாக்கும். யாரும் இல்லைன்னு தெரிஞ்சா தான் கூட்டுக்குப் போவும். ஷிப்டு போட்டு வேலை செய்யறவன் கூட இப்படி அலைய மாட்டான். பாத்துக்கினு இருக்கற எனக்கே அசந்து போவும்.

"நாலாவது வாரமும் போயிடுச்சு. இன்னும் ஒரே ஞாயிறு தான் கீது"ன்னா எங்கூட்டம்மா. கோவமா இல்ல, களைப்பா சொன்னா. அன்னிக்கு ராவு அவ தூங்கல, நானும் தூங்கல. எனக்கு ஒரு இருமல் வந்தாலும் அவ எழுந்து உக்காந்துடுவா. வேண்டுதலு நிறைவேத்தலைன்னா மூச்சைத் திருப்பி எடுத்துக்குவாங்கன்னு அவளுக்கு உள்ளுக்குள்ள ஓடுது. வாயை விட்டுச் சொல்லல.

கடைசி வாரம் குஞ்சுங்களுக்கு ரெக்கையில முள்ளு முள்ளா மொளைச்சுச்சு. வெள்ளிக்கெழமை எங்க தெருவுக்குக் கருவாடு விக்க வந்த பாயை, "பறக்க எத்தினி நாளு ஆவும்?"னு கேட்டேன். "நாலஞ்சு நாளு ஆவும். குருவிக்கு ஆடி தெரியுமா, ஆவணி தெரியுமா"ன்னு சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல.

சனிக்கெழமை சாயங்காலம் எங்கூட்டம்மா, தெருவுல எலை பறிக்கற ஆளைக் கூப்புடப் போறேன்னா. அந்த ஆளு தொரட்டிய மாட்டி இழுத்தான்னா கெளையோட வந்துடும். "வேணாம், நானே பறிக்கறேன்"னேன். "மூச்சு வாங்கும்"னா. "வாங்கட்டும்"னேன்.

பாத்துப் பாத்துப் பறிச்சேன். கெளையை ஒடிக்கல. கத்தரிக்கோலால கொத்துக் கொத்தா வெட்டி எடுத்தேன். மேல ஏற முடியாது, கை எட்டற எடம் பூரா எடுத்தாத் தான் ஒரு ஆளு ஒடம்புக்குக் காணும். கூடு இருக்கற கெளையைத் தொடவே இல்ல. சுத்தி இருந்தத மட்டும் எடுத்தேன். மில்லுல ஒரு சட்டம் உண்டு. கரண்டு பேனல் போர்டுக்கு முன்னாடி மூணடி காலியா வுடணும், கீழ மஞ்சப் பெயிண்ட்ல கோடு போட்டு வெச்சிருப்போம். அங்க எந்தச் சாமானும் இருக்கக் கூடாது, யாரும் இடிச்சுக்கவோ ஒரசவோ கூடாது. காலியா இருந்தா எல்லார் கண்ணுலயும் படும், பத்திரமா இருக்கும். இருவத்தெட்டு வருஷமா அந்தக் கோட்டைக் காப்பாத்தினவன் நான். கூட்டைச் சுத்தியும் அப்படியே மூணடி சுத்தமா விட்டேன். நடுவுல அந்த ஒரு கெளை மட்டும் எலையோட நின்னுச்சு. எறங்கி நின்னு பாத்தப்ப, வேலை சுத்தமா முடிஞ்சதுன்னு எனக்கு ஒரு திருப்தி. மூச்சு கூட ரொம்ப வாங்கல.

விடியறதுக்கு முன்னாடியே கெளம்பி மொத பஸ்ஸைப் புடிச்சோம். பெரியபாளையத்துல அன்னிக்குக் கடைசி ஆடி ஞாயிறு கூட்டம், கேக்கணுமா. அவ ஆத்துல முழுகிட்டு வந்து, ஈரச் சேலை மேல எங்க மரத்து எலையைக் கட்டிக்கினா. நான் தான் கயிறு இழுத்துக் கட்டினேன். எலையோட எங்க மரத்து எறும்பும் வந்திருச்சு, கழுத்துல ஊருது. "தட்டி வுடட்டுமா?"ன்னேன். "இருக்கட்டும், நம்ம ஊட்டு எறும்பு தானே"ன்னு சிரிச்சா. பல மாசத்துக்கு அப்பறம் அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்தேன். கையில வேப்பிலையோட சுத்தி வந்தா. மூணாவது சுத்துல அவ கண்ணுல தண்ணி கொட்டுது. முப்பது வருஷம் ஒண்ணாக் குப்பை கொட்டியும், எனக்காக இப்படி ஒருத்தி நடப்பான்னு நான் நெனைச்சதில்ல.

மத்தியானம் ரெண்டு மணிக்கு ஊட்டுக்கு வந்தோம். அவ சேலை மாத்த உள்ளாறப் போனா. நான் பின்னாடி போனேன்.

அம்மாக் குருவி முருங்கையில உக்காந்துக்கினு இருந்துச்சு, வாயில ஒரு வெட்டுக்கிளி. தின்னவும் இல்ல, போடவும் இல்ல. கத்திக்கினே இருந்துச்சு. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கூடு ஒரு பக்கமா சாஞ்சு கெடந்துச்சு. உள்ளாற ஒண்ணும் இல்ல. பாத்ரூம் கூரைச் சீட்டு மேல ஒரு சின்ன ரெக்கை கெடந்துச்சு, இன்னும் முழுசா விரியாத ரெக்கை.

காம்பவுண்டு சொவுத்துல எங்கூட்டம்மா தெனமும் காக்காவுக்குச் சோறு வெப்பா. நான் அந்த எடத்துல போயி நின்னேன். அங்க இருந்து மரத்தைப் பாத்தேன். மொட்டையான பக்கத்துல, நடுவுல ஒரே ஒரு எலைக் கொத்து, அதுக்குள்ள கூடு. சோத்துக்கு வந்து உக்கார்ற காக்காவுக்கு, ஓட்டலு வாசல்ல போர்டு மாட்டி வெச்ச மாதிரி நான் காட்டிக் குடுத்திருக்கேன். மறைவுக்குத் தான் அது எலைக்குள்ள கூடு கட்டுச்சு. அந்த மறைவைத் தான் நான் சுத்தமா வெட்டி எடுத்தேன். தொரட்டிக்காரன் கெளையை ஒடிச்சிருந்தா, அவன் மேலயாவது பழி போட்டிருப்பேன். அப்படியே கீழ உக்காந்துட்டேன். அழுதேன். எதையும் மறைக்கல, சின்னப் புள்ளை மாதிரி அழுதேன். அவ்ளோ அழுதும் எனக்கு மூச்சு இழுக்கல. பாழாப்போன மூச்சு, ஒரு தடங்கலும் இல்லாம வந்துக்கினு போய்க்கினு இருந்துச்சு. அது தான் எனக்கு ஆத்திரமா இருந்துச்சு.

அவ காலடிச் சத்தம் கேட்டுது. அந்த ரெக்கையை எடுத்து லுங்கி மடிப்புல சொருவிக்கினேன். மூஞ்சியைத் தொடைச்சேன்.

"இன்னா, குஞ்சுங்க சத்தத்தையே காணோம்?"னா.

இன்னும் தலை ஈரமா இருந்துச்சு அவளுக்கு. கழுத்துல எறும்பு கடிச்ச எடம் செவந்து கெடந்துச்சு. ஒன்பது மாசமா என் இருமலுக்கு எழுந்து உக்காந்தவ. இன்னிக்கு ராவாவது அவ தூங்கணும்.

"பறந்துடுச்சு மே. மூணும் பறந்துடுச்சு"ன்னேன்.

அவ வாயைப் பொத்திக்கினா. "நெஜமாவா? இன்னும் நாலு நாளு ஆவும்னீங்களே!" மரத்தைப் பாத்து ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டா. "உங்ககிட்ட சொல்லலீங்க. கடைசிச் சுத்துல நான் அதுங்களுக்கும் சேத்துத் தான் வேண்டிக்கினேன். என் வேண்டுதலுக்காக அதுங்களை எடுத்துக்காத தாயே, மூணும் பொழைச்சுப் பறந்துடுச்சுன்னா அடுத்த ஆடிக்கும் இதே மரத்து எலையைக் கட்டிக்கினு வர்றேன்னு."

முருங்கையில அம்மாக் குருவி கத்திக்கினே இருந்துச்சு.

"குஞ்சுங்களைத் தேடுது போல"ன்னா.

"ஆமா"ன்னேன்.

"அடுத்த ஆடிக்கும் நீங்களே பறிச்சுக் குடுங்க. எவ்ளோ பாத்துப் பாத்துப் பறிச்சீங்க"ன்னா. சரின்னு தலையாட்டினேன்.