நூறு வீட்டு ஓம்

கொழும்புக் கம்பனி ஒன்று தேங்காய்ப்பால் பவுடர் கொண்டுவரப் போகிறதாம். கல்முனைப் பக்கத்துச் சனம் அதை வாங்குமா என்று நூறு வீடுகளில் விசாரித்துச் சொல்ல வேண்டும். முடிவு நல்லதாக இருந்தால் இந்தப் பகுதிக்கு நிரந்தரமாக ஒரு விற்பனை அலுவலரைப் போடுவோம், அது நீங்களாகவும் இருக்கலாம் என்றார் மேலாளர். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம் அது. பட்டம் முடித்து மூன்று வருடமாக எனக்கு வேலையில்லை. எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் கட்டி மனைவி வீட்டில் போய்க் குடியிருந்தேன். மாமி ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

எந்த முறையில் விசாரிப்பது என்பதை என்னிடமே விட்டிருந்தார்கள். தபாலில் அனுப்பலாம் என்றால், போட்ட கடிதம் எப்போது போய்ச் சேரும் என்று தெரியாத காலம். டெலிபோன் பெரிய கடைகளில்தான் இருந்தது, முதலாளிமார் கறி சமைப்பதில்லை. பெண்களை ஓரிடத்தில் கூட்டிக் கேட்கலாம் என்றால், நாலு பேர் கூடினாலே துப்பாக்கியோடு ஆமிக்காரன் வந்து நிற்பான். கடைசியில் வீடு வீடாகப் போவது என்று முடிவெடுத்து, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பகலில் ஆண்கள் கடலிலோ கடையிலோ இருப்பார்கள். பெண்கள் கதவுச் சீலைக்குப் பின்னால் நிற்பார்கள். நான் வாசலில் நின்று படிவத்தை வாசிப்பேன். கொழும்பில் யாரோ எழுதிய கேள்விகள், மூச்சு முட்டும் நீளம். முடிக்கும்போது உள்ளேயிருந்து "ஓம்" என்று குரல் வரும். நானும் 'ஆம்' கட்டத்தில் சரி போடுவேன். சிலர் மட்டும், "இதெல்லாம் ஆமிக்கா மகன் எழுதுற?" என்று பயந்து கேட்டார்கள். ஒரு மாதத்தில் நூறு வீடும் முடிந்தது. இல்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

படிவங்களை மனைவியிடம் பெருமையாக விரித்துக் காட்டினேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இஞ்சாருங்க, நீங்க கதைக்கக்குள்ள நானும் ஓம், ஓம் எண்டுதானே சொல்றன். அதுக்காக நீங்க சொன்னதெல்லாம் செஞ்சிட்டனா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லு என்பதற்கும் எங்களிடம் ஓம்தான். பிறந்ததிலிருந்து காதில் விழும் சொல். வேலை ஆசையில் செவிடாகிப்போனேன். மேலாளர் வர ஆறு நாள்தான் இருந்தது. அப்படியே கொடுத்துவிடடா என்றது மனம். ஆனால் நாளைக்குப் பவுடர் கடைகளில் கட்டிபட்டுக் கிடந்தால், அதை விற்க முடியாமல் முழிக்கப்போகிறவனும் நான்தானே!

மறுபடி அதே வீடுகளுக்கு ஓடினேன். வெயிலில் தலை சுற்றியது. இந்த முறை படிவத்தை வாசிக்கவில்லை. வாங்குவீர்களா என்றும் கேட்கவில்லை. "நேத்து மீன் ஆணம் காய்ச்சத் தேங்காப்பால் எப்படி எடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டேன். சீலைக்குப் பின்னாலிருந்து கதை கதையாக வந்தது. ஒரு மனுசி, போன முறை நான் சொன்ன பவுடர் நினைவு வந்து, கோபத்தில் சீலையையே விலக்கிவிட்டாள்.

"வளவுக்குள்ள தேங்கா விழுந்து கிடக்கக்குள்ள மாவைக் கரைச்சி ஆருக்கு ஊத்துற?"

ஒவ்வொரு பதிலையும் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். யா அல்லாஹ், ஒரு வீடாவது வாங்குவோம் என்று சொல்லாதா என்று கெஞ்சினேன். ஒன்றுமில்லை.

சந்தியிலிருந்த சாப்பாட்டுக் கடையில் வைத்து மேலாளர் எல்லாவற்றையும் ஆறுதலாக, ஒவ்வொரு தாளாக வாசித்தார். பிறகு எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அருமையான வேலை. நீங்க இல்லாட்டி இங்க சாமானை அனுப்பி நட்டப்பட்டிருப்போம்."

"அப்ப அந்த விற்பனை அலுவலர் வேலை, சேர்?"

"இங்க விக்கிறதுக்கு என்ன இருக்கு தம்பி?" என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்.

சைக்கிளை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசல் கடப்படியில் காத்து நின்றாள்.

"என்னவாம்?"

"வேலை அருமையாம். கையெல்லாம் குலுக்கினார்."

மிச்சத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் உள்ளே ஓடிவிட்டாள். "உம்மா! இவருக்கு வேலை சரி!"

மாமி அழுதுகொண்டே அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்வது வெளியே கேட்டது. உள்ளே போய் அதை நிறுத்த வேண்டியவன் நான்.