குலவை போட்ட அத்தையின் தாடை

எங்கள் அத்தை குலவை போட்டால் வடமதுரை ரோட்டில் போகிற பஸ்காரர்கூடத் திரும்பிப் பார்ப்பார் என்பார்கள். பார்த்தாரோ இல்லையோ, நான் நம்பினேன். அத்தையைப் பற்றி யார் எதைப் பெருமையாகச் சொன்னாலும் நம்புகிற வயசு எனக்கு.

அந்த வருஷம் முளைப்பாரி ஊர்வலம் கோயில் வாசலுக்கு வந்ததும் அத்தை வாயை அகலத் திறந்து குலவை போட்டாள். சத்தம் பாதியில் நின்றுபோனது. வாய் மட்டும் மூடவில்லை. தாடை முன்னால் தள்ளிக்கொள்ள, கண்ணீர் வழிய, "ஆ... ஆ..." என்று நின்றாள். கொட்டுக்காரர்கள் அவளைப் பார்த்தார்கள், அவ்வளவுதான், அடியைக் கூட்டிவிட்டார்கள்.

"ஆத்தா எறங்கிட்டாடி!" என்று யாரோ கத்த, கூட்டம் காலில் விழுந்தது. மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாகத் தலையில் ஊற்றினார்கள். பாவம், அவள் வாயைத் தொட்டுக் காட்டக் காட்ட, வாக்குச் சொல்லப்போகிறாள் என்று இன்னும் நெருங்கினார்கள்.

பக்கத்து வீட்டு மாமா முண்டியடித்து வந்தார். அவர் மகள் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். அந்தப் பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்பச் சொல்லி அத்தை எத்தனையோ நாள் மல்லுக்கட்டியும் மசியாத மனிதர். "தாயி, பிள்ளைய ஆயக்குடில தாய்மாமனுக்குக் குடுத்துரவா, திண்டுக்கல்லுல படிக்கப் போடவா? நீயே சொல்லு" என்று கும்பிட்டார்.

அத்தைக்கு வேண்டியதெல்லாம் ஒரு டாக்டர். ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு மறு கையை ஆவேசமாகத் திண்டுக்கல் ரோட்டுப் பக்கம் நீட்டினாள்.

"திண்டுக்கல்லக் காட்டிட்டா!" மாமா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

அத்தை என் கையை நறுக்கென்று கிள்ளினாள். சாமி எங்காவது கிள்ளுமா? "அப்பா, அத்தைக்கு வாய் மூட வரல!" என்று அலறினேன். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் முகத்தைப் பார்த்தார். "ஏலே, ஆட்டோவக் கூப்புடுங்கடா! எங்கக்காவுக்குத் தாடை வெலகிருச்சு!"

திண்டுக்கல் பல் டாக்டரம்மா, காலேஜ் பிள்ளை போல ஒடிசலாக இருந்தார். "பெரிய டாக்டர் இல்லையாம்மா?" என்று அப்பா கேட்டே விட்டார். "நான்தான் சார்" என்று சிரித்தபடி அத்தையின் காதுக்கு முன்னால் விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். "தாடை மூட்டு குழிய விட்டு முன்னால வந்துருச்சு, அம்புட்டுதான். ஒடம்பத் தளர்த்தி விடுங்கம்மா."

கட்டைவிரல்களில் துணியைச் சுற்றி, கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேல் வைத்தார். "ஆமா, இன்னைக்கு வீட்டுல என்ன வெஞ்சனம்?" என்றார். வாய் மூட முடியாதவளிடம் இது என்ன கேள்வி என்று அத்தை விழித்தாளே, அந்த நேரம் பார்த்துக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளினார். டொக்.

"கத்திரிக்கா" என்றாள் அத்தை.

அடடா! எத்தனையோ டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு கையை இன்னும் பார்க்கவில்லை.

ஒரு பக்கக் கடைவாய்ப் பற்களை எப்போதோ பிடுங்கிவிட்டு, மறு பக்கத்திலேயே மென்று மென்று கடிமானம் மாறி, மூட்டு நொந்துபோயிருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். பிறகு வந்து பல் கட்டிக்கொள்ளச் சொன்னார். தாடையையும் தலையையும் சேர்த்துக் கட்டுப் போட்டுவிட்டு, "கொஞ்ச நாளைக்குக் கஞ்சிதான். கொட்டாவி வந்தா தாடையத் தாங்கிப் பிடிக்கணும். பேச்சக் கொறைங்க. குலவைய மறந்துருங்க" என்றார். குலவை என்றதும் அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் மாமா தேங்காய் பழத்தோடு வந்தார். பிள்ளையைக் காலேஜில் சேர்க்கப் போகிறாராம். "அது வாக்கு இல்ல மாமா, அத்த ஆஸ்பத்திரிக்கு..." என்று நான் ஆரம்பித்ததும், அத்தை கட்டுப் போட்ட முகத்தோடு என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

கட்டை அவிழ்த்த பிறகு ஊர்க்கதை எல்லாம் பேசினாள். மாமா வீட்டு அக்கா பெட்டியோடு திண்டுக்கல் பஸ் ஏறியபோதும் இதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. பத்தியம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.