ஹௌராவில் கிடைத்த அரைமணி

கல்கத்தா பவானிபூரில் குடியிருக்கும் குமாஸ்தா நான். தலைப்பிரசவத்துக்கு என் மனைவியை அழைத்துப்போக அவள் அண்ணா சென்னையிலிருந்து வந்திருந்தார். ரயிலில் இரண்டு இரவுப் பயணம். போகவர ஆகும் நாளுக்குமேல் அவருக்கு லீவு இல்லை.

புறப்படும் நாளன்று, ராகுகாலம் கழியட்டும் என்று எல்லோரையும் நான்தான் உட்காரவைத்தேன். பிறகு குதிரைவண்டியில் விரைந்தால், கப்பல் போவதற்காக ஹௌரா மிதவைப் பாலத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். அதை மூடுவதற்குள், என் கடிகாரப்படி ரயில் போயிருக்கவேண்டும்.

“போனாப் போறது. இன்னும் ஒரு நாள் உங்களோட இருந்துட்டுப் போறேனே” என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது!

“ரயிலுக்கு மதராஸ் டைம், பாபு” என்று சிரித்தார் கார்டு. ஊருக்கு ஊர் நேரம் வேறானாலும் ரயில்கள் ஓடுவது மதராஸ் நேரப்படிதானாம்; கல்கத்தா நேரத்தைவிட அது அரைமணி பின்னால் இருக்கிறதாம். பிழைத்தோம்.

வெளியூர் கிளம்புகிறவர்களே, ராகுகாலம் பிறக்கும் முன்பே வாசலைத் தாண்டிவிடுங்கள். நான் இனி அப்படித்தான்.

வீட்டுச் சுவர்க்கடிகாரத்தையும் சென்னை நேரத்துக்குத் திருப்பிவிட்டேன். ஆபீசுக்கு மட்டும் அரைமணி கூட்டிக்கொள்கிறேன். அங்கே அவள் விளக்கேற்றும்போது இங்கேயும் ஆறு அடிக்கிறது.