தொட்டி வண்டியில் என் இடம்

ராயபுரத்தில் குடியிருந்தபோது என் வீட்டுக்காரர் ஒரு இரும்புப் பட்டறையில் பிட்டர். வெள்ளைக்காரன் காலம். பட்டறை துரையின் மோட்டார் சைக்கிளையும் இவர்தான் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரத் தொட்டி வைத்த வண்டி. சிலிண்டர் ரெண்டு. அதில் ஒன்று செத்துப்போனதிலிருந்து எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

எங்கள் சந்தில் வண்டி நுழையாது. அதனால் அவருடைய அத்தை மகள் வீட்டுக் கொட்டாயில் வைத்து ரிப்பேர் பார்த்தார். அவள் ஆப்பம் சுட்டு விற்கிறவள். ரங்கூன் கப்பல் ஏறிய புருஷன் திரும்பவில்லை. இவரைக் கட்டிக்கொள்ளும் முறை அவளுக்கு இருந்தது, நான் வந்ததால் நடக்கவில்லை. சதைப்பிடிப்பான உடம்பு. அழகு என்று நான் சொல்ல மாட்டேன்.

வெறும் வண்டி ஒரே சிலிண்டரில் ஓடிவிடும். ஆள் ஏறினால்தான் திணறும். அதனால் கார்பரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டிய ஒவ்வொரு தடவையும், தொட்டியில் ஆளை வைத்து டோல்கேட் வரைக்கும் ஓட்டிப் பார்ப்பார். உட்கார்ந்தது அவள். தலையில் பூ வைத்துக்கொண்டு, ஹைரோட்டில், ஊரே பார்க்க.

"நான் குந்தக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நீ குச்சி மாரி கீறமே. தொர கனம் வேணாவா?" என்றார்.

"அக்காவ மாரி ரெண்டு பேர ஏத்துனாலும் வண்டிக்குத் தெரியாது மாமா" என்று அவள் சிரித்தாள்.

அதிலிருந்து சாயங்காலமானால் நானும் அந்தக் கொட்டாயில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு நாள் இவர் மறுபடியும் கார்பரேட்டரில் கை வைக்க, அவள் சொன்னாள்: "ரெண்டுத்துக்கும் அது ஒண்ணுதான மாமா பெட்ரோல் குடுக்குது? அது கெட்டா ரெண்டும்ல படுத்துக்கும்." சொல்லிவிட்டு, ஆப்பச் சட்டி காய்ந்ததா என்று பார்க்கிற மாதிரி அப்போதுதான் ஓடி நின்ற வண்டியின் ரெண்டு புகைக் குழாயிலும் தண்ணீர் தெளித்தாள். முன் குழாயில் சுர்ரென்றது. பின் குழாயில் தண்ணீர் அப்படியே வழிந்தது. சூடே இல்லை.

"ஆப்பக்காரி கண்டுபுட்ச்சிட்டா பாத்தியா!" என்றார் என்னிடம். என்னிடம்தான் சொல்ல வேண்டுமா? நான் சுட்ட எந்த ஆப்பத்துக்கும் அவர் இப்படிப் பல்லைக் காட்டியதில்லை.

பெட்ரோலைப் பற்றவைக்கிற பிளக்கு சிலிண்டருக்கு ஒன்று. பின் சிலிண்டர் பிளக்கை முன்னாலும், முன் பிளக்கைப் பின்னாலும் மாற்றிப் போட்டார். அப்போதும் பின்னால்தான் செத்துக் கிடந்தது. பிளக்கு மேல் குற்றமில்லை. பின் பிளக்கைக் கழற்றி ஒயரோடு இரும்பின் மேல் வைத்து, "பொறி வருதான்னு பாக்கணும். யாராச்சும் இந்த ஒயரப் புடிங்க, உதைக்கிறேன்" என்றார்.

அவள் கை நீட்டினாள். நான் தட்டிவிட்டேன். "என் புருஷன் வேலைக்கு நான் புடிச்சிக்கிறேன், நீ போய் மாவக் கரை" என்று, டாங்கிக்கு அடியில் கையை விட்டு இறுக்கிப் பிடித்தேன்.

அவர் உதைத்தார். விரலில் ஏறிய அடி தோள்பட்டை வரைக்கும் போனது. பொத்தென்று தரையில் விழுந்தேன்.

"ஐயோ அக்கா!" என்று ஓடி வந்து தூக்கினவள் அவள். அவரோ, "எங்கமே புட்ச்ச? எந்த எடத்துல? காட்டு, காட்டு!" என்றார். காட்டினேன். அங்கேதான் ரப்பர் வெடித்து, கம்பி இரும்பில் உரசிக்கொண்டு இருந்தது. பொறி பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே இரும்பில் இறங்கிவிட்டது. கண்டுபிடித்தது என் கை. ஆப்பக்காரி இல்லை.

பழைய சைக்கிள் டியூபைக் கீறி அந்த இடத்தில் சுற்றினார். பிளக்கைத் திரும்ப மாட்டி உதைத்ததும் ரெண்டு சிலிண்டரும் சேர்ந்து பேசின. ஓட்டிப் பார்க்கணுமே என்று அவள் பழக்கத்தில் புடவையைத் தூக்கிச் செருகினாள். அதற்குள் நான் தொட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"கனம் பத்தாதுமே" என்றார்.

"பத்தலன்னா கல்லு வையி. நான் எறங்க மாட்டேன்."

மெய்யாகவே காலடியில் ரெண்டு கல்லை வைத்துத்தான் ஓட்டினார். வண்டி பறந்தது. டோல்கேட்டில் திரும்பும்போது வெற்றிலைக் கடைக்காரன் குரல் கொடுத்தான்: "இன்னா பிட்டரு, வூட்டுக்காரம்மா வரல இன்னிக்கி? இது ஆரு, தங்கச்சியா?"

இவர் சிரித்துக்கொண்டே போகப் பார்த்தார். "நிறுத்துயா வண்டிய" என்றேன். நிறுத்தினார். இறங்கி, கடை முன்னால் போய் நின்றேன்.

"நல்லாப் பாத்துக்கோ. நான்தான் வூட்டுக்காரி. இத்தினி நாளு வந்தது பாரம்."

அவன் ஒரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி என்னிடம் நீட்டினான். அதைக் கடைசி வரைக்கும் மென்று துப்பிய பிறகுதான் வண்டியில் ஏறினேன்.