சேற்றில் கிடைத்த முருகன்

போன செவ்வாய்க்கிழமை தேக்கா கடைத்தெருவில் ஒரு கடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டேன்.

பாவம், அவர் ஒன்றும் செய்யவில்லை. கடை வாசலில் வரிசையாகத் தொங்கிய பிளாஸ்டிக் மாலைகளை நான் முறைத்துக்கொண்டு நின்றேன். வாங்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்.

"ஆரஞ்சு எடுத்துக்குங்கக்கா. சாமி படத்துக்கு எடுப்பா இருக்கும். அழுக்கானா அலசிப் போட்டுக்கலாம். எத்தனை வருஷமானாலும் வாடாது!"

"தெரியும். சேத்துல பாத்தேன். வாடவே இல்ல" என்றேன்.

அதற்குமேல் நான் சொன்னதெல்லாம் கொஞ்சம் சத்தமாகப் போய்விட்டது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எப்படிப் புரியும்? இரண்டு நாள் முன்னால் நடந்தது அவருக்குத் தெரியாதே. உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் நடைக் குழுவை இந்தப் பத்தியில் நான் முன்பே திட்டியிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் 'இயற்கை ஆர்வலர்கள்' என்று பெயர். மாதம் ஒரு முறை காட்டுப் பாதையில் நடப்போம். நடப்பது கொஞ்சம்... உட்கார்ந்து சாப்பிடுவது அதிகம். பறவை எந்த மரத்தில் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஊறுகாய் யார் பையில் என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும்!

குழுவில் உருப்படியான ஒரே ஆள் ரேவதி. உட்லண்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் நர்ஸ். லீவு நாளில் வடக்குக் கரையில் இருக்கும் சதுப்புநிலக் காட்டில் தொண்டூழியம் செய்கிறாள். என்ன தொண்டூழியம்? லாட நண்டுகளைக் காப்பாற்றுவது.

லாட நண்டு பார்த்திருக்கிறீர்களா? ஒரு சட்டியைக் கவிழ்த்து, பின்னால் ஈட்டி போல ஒரு வாலைச் செருகினால் எப்படி இருக்கும்? அதுதான். கடிக்காது, துரத்தாது, யார் வம்புக்கும் போகாது. மீன் பிடிப்பவர்கள் விட்டுப்போகும் பழைய வலையில் கால் மாட்டிக்கொண்டால் அதனால் வெளியே வர முடியாது. கிடந்து கிடந்து சாகும். கடல் வற்றும் நேரத்தில் போய் வலையை வெட்டி எடுத்துவிட வேண்டும். தண்ணீர் ஏறிவிட்டால் வலையும் மறைந்துவிடும், நண்டும் மறைந்துவிடும்.

ரேவதி குழுவில் செய்தி போட்டாள். "இந்த வாட்டி சாப்பாடு வேணாம். கத்தரிக்கோல் கொண்டு வாங்க."

உடனே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள். திரை கொள்ளாத அளவுக்கு! ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரில் வந்தது யார்? நான். புக்கிட் மேராவிலிருந்து, பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் செல்வி அக்கா. கிளமெண்டியிலிருந்து சேகரும் அவர் மனைவி மாலதியும். அவ்வளவுதான். சேகர் திருச்சிக்காரர், கம்ப்யூட்டர் வேலை, தீவிர முருக பக்தர். மாலதி அப்போதும் இட்லி கொண்டு வந்திருந்தார். சில பேரைத் திருத்த முடியாது.

ரேவதி எல்லாருக்கும் ரப்பர் பூட்ஸ் கொடுத்தாள். மாலதி மட்டும், "நான் இட்லியைப் பாத்துக்கிறேன்" என்று கரையில் நின்றுவிட்டார். நாங்கள் நான்கு பேரும் சேற்றில் இறங்கினோம்.

வலை பாதி புதைந்து கிடந்தது. அதன் ஒரு முனையைத் தூக்கிப் பிடிக்கும் வேலை எனக்கு. முதல் இரண்டு நண்டுகளைச் சேகர் நன்றாகவே வெட்டி விடுவித்தார். எனக்கே ஆச்சரியம். மூன்றாவதில்தான் வந்தது வினை.

அந்த நண்டு மல்லாந்து கிடந்தது. கால்களைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஏதோ இறுகியிருந்தது. பிளாஸ்டிக் சாமந்தி மாலை! அதன் மறுபக்கம் எங்கே போகிறது என்று சேகர் வலையை விலக்கினார். ஒரு படச் சட்டம். கண்ணாடி இல்லை. உள்ளே வேலும் மயிலுமாக முருகன்... மாலை இன்னும் அவர் கழுத்தில்தான்.

ரேவதி நண்டை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். "வெட்டுங்கண்ணா, சீக்கிரம். தண்ணி ஏற ஆரம்பிச்சிருச்சு."

சேகர் வெட்டவில்லை. என்ன செய்தார் தெரியுமா?

பூட்ஸைக் கழற்றினார்.

கடல் சேற்றில்! சிப்பியும் உடைந்த பாட்டிலும் கிடக்கும் சேற்றில், கோயில் வாசலில் செருப்பை விடுவதுபோல் ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தார். அடுத்த நொடியே கெண்டைக்கால் வரை உள்ளே போனார்.

"ஏங்க! கால்ல குத்திடப் போகுதுங்க!" என்று கரையிலிருந்து மாலதி கத்தினார்.

"பூட்ஸ் காலோட போய் முருகனைத் தொடச் சொல்றியா?"

"சரி, தொட்டாச்சு. இப்ப வெட்டுங்க" என்றேன் நான்.

"சாமி கழுத்துல கிடக்கிற மாலைக்கா... எப்படிக்கா கத்தரிக்கோல் வைக்கிறது?"

குப்பைப் பையைப் பிடித்திருந்த செல்வி அக்கா அந்தப் பையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "இதுல போட்டுறாதீங்கலா. பாவம். பேசாம திரும்பக் கடல்லயே விட்டுறலாம்."

எனக்கு வந்ததே கோபம்! வலையை விட்டால் எல்லாம் சேற்றில் புதையும். கை இரண்டும் மாட்டிக்கொண்டன. வாய் மட்டும்தான் சும்மா இருந்தது.

"கடல்லேருந்துதானே வந்திருக்காரு? திரும்ப விட்டா திரும்ப வருவாரு! அப்ப இன்னொரு நண்டைச் சேத்துக் கட்டிக்கிட்டு வருவாரு! வெட்டுங்க சேகர்! உங்க முருகனா வந்து வெட்டுவாரு?"

ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் கத்தக் கத்தச் சேகர் கத்தரிக்கோலை இன்னும் இறுக்கிப் பிடித்தார், அவ்வளவுதான். தண்ணீர் என் பூட்ஸைத் தொட்டது. நண்டின் கால்கள் காற்றில் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. ரேவதி கத்தவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"அண்ணா, உங்க வீட்ல பழைய மாலையை எப்படி மாத்துவீங்க?" என்று கேட்டாள்.

"கழட்டிட்டுப் புதுசு போடுவோம்."

"கழட்டினதை?"

சேகர் அவளையே பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். கத்தரிக்கோலை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் முருகன் தலைக்கு மேலாக மாலையைத் தூக்கி எடுத்தார். பூஜை அறையில் வெள்ளிக்கிழமை காலையில் எடுப்பாரே, அதே மாதிரி. ஏதோ முணுமுணுத்தார். மன்னிப்பாக இருக்கும்.

"கழட்டியாச்சுல்ல? இனி அது வெறும் பிளாஸ்டிக்லா" என்றார் செல்வி அக்கா. பையை முன்னால் நீட்டினார்.

அதுவரை அசையாத மனிதர் அப்புறம் வெட்டினார் பாருங்கள்... சரக் சரக் என்று தையற்காரர் மாதிரி! ஆரஞ்சுப் பூக்கள் பைக்குள் விழுந்தன. ரேவதி நண்டைத் திருப்பித் தண்ணீரில் வைத்தாள். அது அசையவில்லை.

பிறகு சட்டி நகர்ந்தது. வால் ஒரு முறை ஆடியது. போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வலையைக் கரைக்கு இழுத்துப் போட்டோம். அடுத்து சேகரை இழுக்க வேண்டியிருந்தது. மூன்று பேர் பிடித்தோம். அதற்குள் ஒரு பூட்ஸ் தண்ணீரோடு போய்விட்டது. குப்பையை எடுக்கப் போன இடத்தில் புதுக் குப்பை போட்டுவிட்டு வந்த ஒரே குழு நாங்களாகத்தான் இருப்போம். அடுத்த வாரம் தேடிப் பிடிப்பதாக ரேவதி சொல்லியிருக்கிறாள்.

ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தைக் கடலில் விட்டது யார்? நம்மில் ஒருவர்தானே? வீடு மாறியிருப்பார். புது வீட்டுக்குப் புதுப் படம் வாங்கியிருப்பார். பழையதைக் குப்பையில் போட மனசு வந்திருக்காது. பயபக்தியோடு, கும்பிட்டுவிட்டு, மாலையும் கண்ணாடியுமாகக் கடலில் இறக்கியிருப்பார். சேகர் அளவுக்கே நல்ல மனிதராக இருந்திருப்பார். அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவர் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

பூ மாலை போடுங்கள். வாடட்டும். வாடினால்தான் அது மாலை. இதைத்தான் கடைக்காரரிடமும் சொன்னேன். "அப்ப வாங்க மாட்டீங்களாக்கா?" என்று கேட்டார்.

முருகன் என்ன ஆனார் என்கிறீர்களா? சேகர் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றார்.

"வீட்ல ஏற்கெனவே மூணு முருகன் இருக்காருங்க" என்றார் மாலதி.

"நாலாவதா இருக்கட்டுமே."

மாலதி படத்தைத் துடைத்து, காரின் முன் சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டையும் மாட்டினார். பிறகு கணவரின் காலைப் பார்த்தார். முழங்கால் வரை கறுப்புச் சேறு. புதுக் கார் வேறு. செல்வி அக்காவிடம் கையை நீட்டி ஒரு காலிப் பையை வாங்கினார்.

"பின்னாடி ஏறுங்க. இதுக்குள்ள காலை விடுங்க. இடுப்பு வரைக்கும் இழுத்துக்குங்க."

சாமியைக் குப்பைப் பையில் போடவில்லை. பக்தரைத்தான் போட்டோம்.