குளிர் விட்ட பியர்

கண்டியில், மலைச்சரிவில் இருக்கும் ஒரு சின்ன ஹோட்டலில் பரிமாறுகிறேன். ஊர் புசல்லாவைத் தேயிலைத் தோட்டம். இப்போது கெலிஓயாவில் ஒரு அறை வாடகைக்கு. மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் மூன்று வருஷம்.

போன மழைக்காலத்தில் லண்டனிலிருந்து ஒருவர் தனியாக வந்து தங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது தாண்டியவர். பின்னேரம் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து கறுத்த பியர் கேட்டார். நன்றாகக் குளிர்ந்த போத்தலாகப் பார்த்து வைத்தேன். அவர் தொடவில்லை. அரைமணி போயிற்று. யாருக்கோ காத்திருக்கிறார் என்று நினைத்து இன்னொரு கிளாஸ் கொண்டுபோனேன்.

"ஒருத்தரும் வரமாட்டினம் தம்பி," என்றார். "குளிர் கொஞ்சம் விடட்டும் எண்டு வைச்சிருக்கிறன்."

லண்டனில் ஒரு பப்பில், பியர் வைக்கும் நிலவறையைப் பார்த்துக்கொண்டவராம். ஐஸ் மாதிரிக் குடித்தால் நாக்கு மரத்துவிடும், ருசி தெரியாது, கிணற்றுத் தண்ணீர்க் குளிர் போதும் என்றார்.

மறுநாளிலிருந்து, அவர் இறங்கி வருவதற்கு அரைமணி முன்பே போத்தலை வெளியே எடுத்து வைத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் அவர் வரவில்லை. மேலே போய்க் கதவைத் தட்டினேன். தடிமன், மூக்கடைப்பு, காய்ச்சல். கொத்தமல்லியை வறுத்து, இஞ்சி தட்டிப்போட்டு அவித்துச் சூடாகக் கொண்டுபோனேன்.

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மனிசி உயிரோட இருக்கேக்க அவிச்சுத் தருவா. பிறகும் மல்லி வாங்கி வைச்சனான். ஒரு ஆளுக்கெண்டு அவிக்க மனம் வரேல்லை." கொஞ்சம் கழித்து, "உமக்கு ஆர் அவிச்சுத் தாறது?" என்றார்.

"யாருமில்லைங்க சார். சம்சாரம் குவைத்துல. ரெண்டு மாத்திரையப் போட்டுட்டுப் படுத்துருவேன்."

கதிரையைக் காட்டி, "இரும்," என்றார். விருந்தினர் அறையில் நாங்கள் உட்காரக் கூடாது. உட்கார்ந்தேன். கோப்பையிலிருந்து பாதியைத் தண்ணீர்க் கிளாஸில் எனக்கு ஊற்றினார். இரண்டு பேரும் ஊதி ஊதிக் குடித்தோம்.

சுகமானதும், என்னுடைய லீவு நாளில் புறப்பட்டுவிட்டார். மறுநாள் நான் போனபோது அறையில் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

அன்று சாயந்தரம் மனைவி குவைத்திலிருந்து போன் எடுத்தாள். அவளுக்கு ஐந்து நிமிஷம்தான் கிடைக்கும். "என்னங்க விசேஷம்?" என்று கேட்டாள். அவரைப் பற்றிச் சொல்லத்தான் நினைத்தேன். எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.

"ஒன்னுமில்ல. இங்க நல்ல மழை."

"இங்க வெயிலு," என்றாள். அதற்குள் அவளை யாரோ கூப்பிட்டார்கள்.