பதினெட்டாம் பெருக்கன்று ஒரு கையெழுத்து

தங்கைக்குக் கட்டடக்கலைப் படிப்பில் இடம் கிடைத்தது ஆனி மாசத் தொடக்கத்தில். கல்லூரி திருச்சியிலேயே. முதல் தவணை கட்டக் கடைசி நாள் ஆடி பதினெட்டு, சாயங்காலம் ஐந்து மணி. தவறினால் அந்த இடம் பட்டியலில் அடுத்து நிற்கிறவருக்குப் போய்விடும். கட்டுவதற்குப் பணம் இருந்தது. என்ன, அது ஹூப்ளியில் இருந்தது.

அப்பா ரயில்வே பணிமனைக்காரர். நாங்கள் கர்நாடகத்தில் இருந்த காலத்தில், தங்கைக்கு எட்டு வயதானபோது, ஹூப்ளி தபால் ஆபீஸில் அவள் பேரில் செல்வமகள் கணக்கு ஒன்று தொடங்கினார். பெண் பிள்ளைகளின் எதிர்காலத்துக்கென்று இருக்கிற சேமிப்பு அது. வயசு பதினெட்டு ஆனதும் படிப்புக்காகப் பாதியை எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் பொன்மலைக்கு மாற்றலாகி, ஸ்ரீரங்கத்தில் குடியேறினோம். கிரைண்டர், கட்டில், கறிவேப்பிலைத் தொட்டி எல்லாம் லாரியில் ஏறின. கணக்கு ஏறவில்லை. "அது எங்க ஓடிடப் போகுது?" என்றார் அப்பா.

நான் படித்தது வணிகவியல். மற்றவர்களுக்குக் கிரிக்கெட் எப்படியோ, எனக்கு வருமான வரி அப்படி. அந்த ஆனியில்தான் அப்பாவின் ரிட்டர்ன் போட உட்கார்ந்தேன். மூன்று வருஷமாக அந்தக் கணக்கில் அவர் பணமே போடவில்லை என்று தெரிந்தது.

"ஏம்ப்பா, போடற பணத்துக்கு வரிச் சலுகை, வட்டிக்கும் வரி இல்ல. இங்க மாத்திக்கிட்டிருந்தா வருஷா வருஷம் போட்டிருக்கலாமே?"

"அதுக்குத்தானே உன்னைப் படிக்க வெச்சேன். மாத்து."

மறுநாளே ஸ்ரீரங்கம் தபால் ஆபீஸில் படிவம் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த அம்மா, "அவங்க சரிபார்த்து அனுப்பணும், கொஞ்சம் பொறுங்க" என்றார். எனக்கும் பொறுமைக்கும் ஆகாது. மூன்று நாளைக்கு ஒரு தரம் போய் நின்றேன். கடைசியில் என் தலையைக் கண்டதுமே "இன்னும் வரலைம்மா" என்று தூரத்திலிருந்தே கையை ஆட்டினார்.

கணக்கு ஸ்ரீரங்கத்துக்கு வந்து சேர்ந்தபோது ஆடி பிறந்திருந்தது. இப்போது குறுக்கே வந்தது எங்கள் அம்மா.

"முதமுதல்ல அந்தப் பணத்தைத் தொடறது ஆடியிலயா? ஆவணி பொறக்கட்டும்."

"காலேஜ்காரங்களுக்கு ஆடி, ஆவணியெல்லாம் கிடையாதும்மா."

"அப்ப பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கி எடு. அன்னிக்கி மட்டும் ஒண்ணும் பார்க்க வேண்டாம்."

அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். கடைசி நாளும் அதுதானே, போகட்டும் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

முந்தின நாள் காலையில் போனில் செய்தி பார்க்கிறேன்: ஆடிப்பெருக்குக்கு உள்ளூர் விடுமுறை. போனும் கையுமாக ஓடினேன். அப்பா முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நின்றிருந்தார்.

"அப்பா, நாளைக்கு லீவாம்! தபால் ஆபீஸ் திறக்காது!"

"கலெக்டர் லீவு விட்டா ரயில் நிக்குமா? எத்தனை லோக்கல் லீவுக்கு நான் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுக் கிளம்பியிருக்கேன்? தபால் ஆபீஸும் சென்ட்ரல் கவர்மெண்ட்தாம்மா."

உண்மைதான். ஊரே புளியோதரை கட்டும் நாளில் எங்கள் வீட்டில் மட்டும் ஏழு மணிக்குச் சைக்கிள் கிளம்பும். அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான்.

ஆடிப்பெருக்கன்று ஊர் முழுக்கக் காவிரியில் இருந்தது. தபால் ஆபீஸில் நானும் மின்விசிறியும். படிவத்தைப் பெருமையோடு நீட்டினேன். அந்த அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்பா கையெழுத்து எதுக்குங்க?"

"அவர்தானே கார்டியன்?"

"பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சுடுச்சே. இனி கணக்கு அவங்களோடது. அவங்களே வந்து எங்க முன்னால கையெழுத்துப் போடணும். மூணு மணிக்குள்ள கூட்டிட்டு வாங்க."

போன மாசம் அவள் பிறந்த நாளுக்குக் கேக் வாங்கி வந்ததே நான்தான். வரி விதியெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தவளுக்கு இது தோன்றவில்லை. நாலு இடத்தில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கியிருந்தேன்.

தங்கை எங்கள் அம்மாவோடு காவிரிக்கரை அம்மா மண்டபப் படித்துறைக்குப் போயிருந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. வண்டியைத் தடுப்புக்கு வெளியே போட்டுவிட்டு ஓடினேன். புதுத் தாலிச்சரடு கட்டிக்கொள்ளும் ஜோடிகள், காதோலை கருகமணி விற்கிறவர்கள், தட்டுத் தட்டாகப் பழம். எல்லார் தலையும் ஈரம், எல்லார் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு. இதில் எவள் என் தங்கை? முக்கால் மணி நேரம் தேடி, கடைசிப் படியில் கண்டுபிடித்தேன்.

"என்னக்கா, நீயும் முழுக்குப் போட வந்துட்டியா?"

"நடடி. மூணு மணிக்குள்ள நீ கையெழுத்துப் போடணும். இல்லேன்னா சீட்டு போச்சு."

"நானா? அது அப்பா கணக்குல்ல?"

"உன் கணக்குடி."

அந்தக் கூட்டத்தில் அப்படியே நின்றுவிட்டாள். "என்கிட்ட யாருமே சொல்லலையே."

சொல்லவில்லைதான். அப்பாவிடம் பேசினேன், கவுண்டரில் பேசினேன், நான் வேலை பார்க்கும் ஆபீஸ் சிநேகிதிகளிடம்கூட வட்டி விகிதம் பற்றி வகுப்பெடுத்தேன். அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"காப்பரிசி வாயில போட்டுட்டுப் போங்கடி," என்று அம்மா பொட்டலத்தை நீட்டினாள்.

"அம்மா, மணி ரெண்டு!"

பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினோம். தபால் ஆபீஸ் தரையில் அவள் பின்னல் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஆதார் அட்டை என் பையில் இருந்தது. அதையாவது சரியாகச் செய்திருந்தேன். புதுப் படிவத்தை மடமடவென்று நிரப்பிக் கொடுத்தேன். அவளோ அதை முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.

"சீக்கிரம் போடுடி!"

"படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

கவுண்டர் அம்மா சிரித்துவிட்டார். தங்கை படித்து முடித்துக் கையெழுத்துப் போட்டாள். மஞ்சள் கயிறு பட்டுத் தாளோரத்தில் ஒரு கறை. "இருக்கட்டும், நல்ல நாள்தானே," என்றார் அந்த அம்மா, முத்திரையை எடுத்தபடி.

ஸ்காலர்ஷிப்புக்காக அதே ஆபீஸில் அவளுக்கு ஏற்கெனவே ஒரு சேமிப்புக் கணக்கு இருந்தது. பணம் அதற்கு வந்ததும், வாசலில் நின்றே போனில் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினாள். ரசீது வந்தபோது மணி மூன்றே கால். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். காப்பரிசிப் பொட்டலத்தைப் பிரித்தோம். வெல்லம் கசிந்திருந்தது. அவ்வளவு ருசி.

"மீதிப் பாதி என்னாகும்?" என்றாள்.

"இங்கயே இருக்கும். அப்பா இந்த வருஷத்துக்கும் போடுவார். அவருக்கு வரியும் குறையும்."

"யாரைக் கேட்டு?"

என்னைப் பார்த்தாள். நான் பாஸ்புக்கைப் பையிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தேன். ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.